காற்றையும் சேர்த்து எழுதிய பத்திரம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஒலிபரப்பை முடித்த கையோடு பத்திரப் பதிவு அலுவலகம். ஆடி மாதம் ஆகையால் ஈ காக்கா இல்லை. "நமக்கு ஏதும்மா ஆடி, ஆவணி" என்று பாக்கியசீலன் சார்தான் இந்தத் தேதியை எடுத்தார். வாங்குகிற பக்கம் பெருமாள்ராஜுக்கு மட்டும் முகம் கொஞ்சம் சுண்டியிருந்தது. கல்லூரி நடத்துகிறவர், ஆடியில் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லையாம்.

சாருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி வருகிறது. பெங்களூரில் மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். எங்கள் அறக்கட்டளையின் செயலாளர் அவர். போவதற்கு முன் 'ஆற்றோரம்' வானொலியை ஒரு நல்ல கையில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் பெருமாள்ராஜின் கல்வி அறக்கட்டளையைப் பிடித்தார். சும்மாதான் கொடுக்கிறார். ஒரு பைசா வாங்கவில்லை.

பத்திரம் எழுதியவர் வயலும் வீடும் எழுதியே கை பழகியவர். கருவிகள், கோபுரம், நாற்காலி எல்லாம் வரிசையாகப் போட்டு, அதன்பின் "மேற்படி நிலையத்தின் அலைவரிசை, அதன் காற்றுவழிப் பாத்தியம் உள்பட சகல பாத்தியங்களும்" என்று வெளுத்து வாங்கியிருந்தார். வாய்க்கால் பாத்தியம், வழிநடைப் பாத்தியம் எழுதுகிற இடத்தில் காற்று! எனக்குச் சிரிப்பு. சார் அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

"எல்லாம் முறையா முடிஞ்சிட்டு, கிறிஸ்டி" என்றார் சார்.

முடிந்தால் நல்லதுதான். வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா? அதுவும் இல்லை, நிலையப் பொறுப்பாளராக நானே தொடர்வேன் என்று பெருமாள்ராஜே சொல்லிவிட்டார். பின்னே என்னத்துக்கு இந்தப் பரபரப்பு?

ஆகஸ்ட் 14

பெருமாள்ராஜ் நிலையத்தைப் பார்க்க வந்தார். வந்த நேரம் மத்தியான நிகழ்ச்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுடலைவடிவு பேசிக்கொண்டிருந்தாள். சீவலப்பேரிக்காரி, களையெடுத்துக்கொண்டிருந்தவளைத்தான் நாங்கள் மைக் முன்னால் உட்கார வைத்தோம். வயலில் கஞ்சி குடிக்க உட்காரும் நேரத்தில், நாளைக்கு எந்த ஊரில் எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவள் சொல்வாள். ஆற்றுக்கு இரண்டு கரையிலும் பெண்கள் அதைக் கேட்டுத்தான் அடுத்த நாள் எங்கே போவது என்று முடிவு செய்கிறார்கள்.

"இந்தம்மா தமிழ் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே, மேடம்" என்றார் பெருமாள்ராஜ்.

ஒரு மாதிரி! வயலில் பேசுகிற மாதிரிதான். இனி மணிக்கொரு தடவை கல்லூரிப் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 18

அனஸ் இன்று வந்தான். மேலப்பாளையத்துப் பையன், ஒலிபரப்புக் கருவியைப் பார்த்துவிட்டுப் போக வாரா வாரம் வருவான். வேலை முடிந்ததும், "எக்கா, லைசென்ஸ்ல பேரு மாத்தியாச்சா? பழைய பேருல புது ஆளு ஓட்டக் கூடாதுலா?" என்றான்.

மாத்திக்கலாம் என்றேன். எப்படி மாத்துவிய என்றான். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாக அரசோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினோம். நடுவில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இந்த அனுமதியைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது.

விற்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, உயில் எழுத முடியாது. அனுமதி வாங்கிய அறக்கட்டளை இருக்கும்வரை அதற்கு. அது வேண்டாம் என்றால் திரும்ப அரசுக்கு. இத்தனை வருடமாக 'நம்ம அலைவரிசை, நம்ம அலைவரிசை' என்று காலையில் எழுந்ததும் சொல்லிக்கொண்டிருக்கிறேனே — நம்முடையது எது? மைக். நாற்காலி. கோபுரம். காற்று அரசாங்கம் பயன்படுத்தக் கொடுத்தது. அதைப் பத்திரம் போட்டு அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறோம். சாட்சி: கிறிஸ்டி.

ஆகஸ்ட் 19

அனுமதி கொடுக்கிற டெல்லி அலுவலகத்துக்கு போன் போட்டேன். நிலையத்தின் பெயரைச் சொல்லாமல், பொதுவாக ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். ஒரு சமுதாய வானொலியை இன்னொரு அறக்கட்டளை எடுத்துக்கொள்ளலாமா? முடியாது, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார் அந்த அம்மாள், நிதானமாக. ஒருவேளை ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டால்? "நீங்கள் எந்த நிலையம்?" என்றார் அவர்.

வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது — நான் கூப்பிட்டதே நிலையத்து போனில்.

ஆகஸ்ட் 20

ஒவ்வொரு தடவை போன் மணி அடித்தபோதும் டெல்லிதான் என்று நினைத்து எடுத்தேன். இன்று வந்தது எல்லாம் பாட்டுக் கேட்டுத்தான்.

ஆகஸ்ட் 23

சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. முதலில் அவருக்குப் புரியவே இல்லை.

"வயல வித்தா மடைத்தண்ணியும் கூடயே போவும்லா? நிலையத்தக் கொடுத்தா அலைவரிசையும் கூடப் போவணும்லா?"

"இது மடை இல்ல சார். நம்ம பேருக்கு மட்டும் கொடுத்தது. நாம இன்னொருத்தர் பேருக்கு எழுத முடியாது."

"அப்ப நான் போட்டது கள்ளப் பத்திரமா?"

அந்தக் கேள்வியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர், ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக்கூடத் திருத்தியவர் இல்லை. கள்ளம் எல்லாம் இல்லை சார், தெரியாமல் செய்தது என்றேன். தெரிந்தவுடன் என்ன செய்கிறோம் என்பதுதான் இனிக் கணக்கு. இப்படியே பெருமாள்ராஜ் ஓட்டி, டெல்லிக்குத் தெரியவந்தால், அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள். ஆற்றோரம் நின்றுபோகும்.

"நிக்கக் கூடாதும்மா" என்றார். நிற்கட்டும் என்று நான் மட்டும் சொன்னேனா?

ஆகஸ்ட் 26

பெருமாள்ராஜ் அலட்டிக்கொள்ளவே இல்லை. வீடு வாங்கினால் கரண்ட் இணைப்பைப் பெயர் மாற்றுவது மாதிரிதானே என்றார். அது இல்லை என்று நான் ஒப்பந்தத்தைக் காட்டினதும் வேறு வழி சொன்னார்.

"சரி மேடம். லைசென்ஸ் அங்கனயே இருக்கட்டும். ஆள மாத்திருவோம். ஒங்க டிரஸ்ட்ல பழையவங்க ரெண்டு பேரும் விலகட்டும், என் ஆளுக நாலு பேரு உள்ள வரட்டும். பேரு பழசு, ஆளு புதுசு. டெல்லிக்கு என்ன தெரியப் போவுது?"

எனக்கு 'இயக்குநர்' பதவி. சம்பளமும் கூடும். சுடலைவடிவு நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை காலைக்குப் போகும். மத்தியானம் கல்லூரிப் பிள்ளைகள் தன்னம்பிக்கை பேசுவார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முடியாது என்று ஏன் அங்கேயே சொல்லவில்லை? சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27

வீட்டுக்காரர் கிங்ஸ்லியிடம் சொன்னேன். செல்போன் கடையைச் சாத்திவிட்டு வந்த களைப்பிலும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, நிலையமும் நிக்காது, ஒன் வேலையும் போவாது, சம்பளமும் கூடுது. இதுல யோசிக்க என்ன கெடக்கு?"

அவர் சொல்வது தப்பில்லை. கடை வருமானத்தை மட்டும் நம்ப முடியாத வீடு இது. நான் இங்கே எழுதுவதை யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்: இன்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 'கிறிஸ்டி, இயக்குநர்' என்று கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 2

சுடலைவடிவுக்கு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம் எட்டிவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக்கூட வைக்கவில்லை.

"எக்கா, நாயித்துக்கெழம காலையில நான் யாருக்குச் சொல்ல? கோயிலுக்குப் போறவளுக்கா, கறி எடுக்கப் போறவளுக்கா? நாளைக்கு வேலைக்கு ஆள் வேணும்னா இன்னைக்கு மத்தியானம்லா சொல்லணும்!"

"இன்னும் முடிவாகல, வடிவு."

"நீங்க என்ன சொன்னிய?"

அடுத்த பாட்டைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பிசானப் பருவ நெல் நடவு வரப்போகிறது. கூலிக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டின் பின்னால் அலைந்த காலத்துக்கு அந்தப் பெண்கள் திரும்பப் போக வேண்டும், நான் இயக்குநர் நாற்காலியில் உட்கார வேண்டும். அடச்சீ.

செப்டம்பர் 5

சாரம்மாள் டீச்சரைப் பார்த்தேன். அறக்கட்டளையில் சாரைத் தவிர மிச்சம் இருக்கிற ஒரே அறங்காவலர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"ஒப்படைக்கலாம்னு தீர்மானம் போட்டப்போ நானும் தலையாட்டிட்டேன். எனக்கு என்ன தெரியும்? சரி, இப்ப சொல்லுதேன். நாலு ஆள உள்ள விட நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆளு மாறுனா மொதல்ல டெல்லிக்கு எழுதிச் சொல்லணும். ஒளிச்சு மறச்சு ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் அறக்கட்டளைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். சார் போனால் டீச்சர் ஒருவர்தான். அப்புறம் அறக்கட்டளையே செல்லாது; அது இல்லை என்றால் அனுமதியும் இல்லை. ஆக, ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும். நல்ல ஆள், உள்ளூர் ஆள், நிலையத்தைத் தன் சொந்தக் கடை ஆக்கிவிடாத ஆள். இவ்வளவு பெரிய திருநெல்வேலியில் ஒருவர் கிடைக்க மாட்டாரா?

வெளியே வந்ததும் முதல் வேலையாக பெருமாள்ராஜுக்கு போன் செய்து முடியாது என்றேன்.

செப்டம்பர் 11

கிடைக்கவில்லை. சபை போதகருக்கு மாற்றல் வரும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கு மகள் பிரசவம். ஒரு டாக்டர், "நல்ல காரியம், பைய பாப்போம்" என்று காபி கொடுத்து அனுப்பினார். பைய பாக்க எங்க நேரம் இருக்கு? சார் டிக்கெட் எடுத்தாச்சு!

செப்டம்பர் 16

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அங்கேயே நின்றபடி, டீச்சருக்கு போன் செய்தேன். "நானே வந்தால் என்ன, டீச்சர்?"

"வரலாம். ஆனா அறங்காவலர் சம்பளம் வாங்கக் கூடாதுன்னு நம்ம விதியில இருக்கு, தெரியும்லா?"

தெரியும். அதனால்தானே இவ்வளவு நாளும் ஊரெல்லாம் அலைந்தேன். என் மனசுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும், காலுக்குத்தான் தெரியவில்லை.

அறங்காவலர் ஆனால் நிலையத்தில் வேலை இல்லை. வேறு வேலை பார்க்க வேண்டும். வேறு வேலை என்றால் காலை ஏழு மணிக்கு நான் மைக் முன்னால் இருக்க முடியாது. எந்த நிலையத்தைக் காப்பாற்ற ஓடுகிறேனோ அதில் எனக்கு இடம் இல்லை. இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்க?

செப்டம்பர் 17

கிங்ஸ்லிக்குக் கோபம். "ஓனராயிட்டு பட்டினி கெடக்கப் போறியாக்கும்" என்றார். சாப்பிடாமல் எழுந்து போனார். சாயங்காலம் வந்து, தெரிந்த ஆஸ்பத்திரியில் முன்மேசைக்கு ஆள் எடுக்கிறார்களாம், கேட்கட்டுமா என்றார். இந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை.

செப்டம்பர் 22

சாரும் நானும் பெருமாள்ராஜின் கல்லூரிக்குப் போனோம். பத்திரத்தை ரத்து செய்ய அவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றார். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது என்ன பழக்கம் என்று சத்தம் போட்டார். சார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"சார் கொடுக்க முடியாதத கொடுத்தது தப்புன்னா, நீங்க வாங்க முடியாதத வாங்குனதும் தப்புதான். பத்திரத்துல ரெண்டு பேரு கையெழுத்தும் இருக்கு. டெல்லில இருந்து நோட்டீஸ் வந்தா ஒங்க காலேஜ் விலாசத்துக்கும் வரும். அலைவரிசை வராது. மிஞ்சுறது ஒரு மைக்கும் நாலு நாற்காலியும்."

"வெறும் இரும்பு எனக்கு எதுக்கு?" என்றார்.

கல்லூரிக்குப் புதுப் பாடப்பிரிவு கேட்டு விண்ணப்பித்திருக்கிறாராம், இந்த நேரத்தில் வில்லங்கம் வேண்டாம் என்றார். நாளைக்கே கையெழுத்து. எழுந்து வரும்போது, "நாலு மாசத்துல நீங்களே மூடிருவிய, பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

வாசலுக்கு வந்ததும் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வைக்காகப் பிடித்தாரா வேறு எதற்குமா என்று தெரியவில்லை. பஸ் வரும்வரை விடவில்லை.

செப்டம்பர் 29

ரத்துப் பத்திரம் பதிந்தாகிவிட்டது. டெல்லிக்குக் கடிதம்: பாக்கியசீலன் விலக விரும்புகிறார், அவர் இடத்துக்கு கிறிஸ்டி. அறியாமல் எழுதிய பத்திரத்தையும், அதை ரத்து செய்ததையும் அதிலேயே சொல்லிவிட்டோம். அதை எழுத வேண்டாம் என்று நான் டீச்சரிடம் மன்றாடினேன். "சொல்லிரு. நம்மளே சொன்னா தப்பு, அவங்க கண்டுபிடிச்சா திருட்டு" என்றார். பதில் வரும்வரை சார் பெங்களூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்.

பெருமாள்ராஜ் செய்ய நினைத்ததும் ஆள் மாற்றுவதுதானே? நான் செய்வதும் அதுதானே? இரண்டு நாளாக இதுவே குடைகிறது. அவர் சொல்லாமல் செய்யப் பார்த்தார், நாங்கள் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம். வித்தியாசம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது போலிருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 8

பதில் இல்லை.

அக்டோபர் 17

பதில் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. நிலையத்தில் ஒரு பக்கச் சுவர் ஊறுகிறது. சுடலைவடிவு தினமும் வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போகிறாள். கேட்டுத் தொலைத்தாலாவது சண்டை போடலாம்.

அக்டோபர் 24

ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும். டெல்லியில் முடியாது என்று சொல்லிவிட்டால்? இந்த வேலையும் அந்த நிலையமும் — ஒன்று எனக்காக இருக்கிறது, இன்னொன்று இருக்குமா என்றே தெரியவில்லை. இன்று காலை ஒலிபரப்பில் தேதியைத் தப்பாகச் சொன்னேன். யாரோ போன் செய்து திருத்தினார்கள்.

அக்டோபர் 31

வந்துவிட்டது!

அனுமதி எங்கள் அறக்கட்டளையின் பெயரிலேயே தொடர்கிறது. அறங்காவலர் மாற்றத்தைக் குறித்துக்கொண்டார்கள். முன்பு எழுதிய பத்திரத்துக்கு ஒரு குட்டு: இனி இப்படி நடந்தால் அனுமதி ரத்தாகும். குட்டட்டும். நன்றாகக் குட்டட்டும். சாரம்மாள் டீச்சர் போனிலேயே ஜெபம் செய்தார். சாருக்கு நான் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார்.

நவம்பர் 3

எங்கள் முதல் கூட்டம். நானும் டீச்சரும். தீர்மானம் ஒன்று: நிலையப் பொறுப்பாளர் கிறிஸ்டி இன்றோடு பணியிலிருந்து விலகுகிறார்; இந்த வெள்ளி வரை காலை ஒலிபரப்பு மட்டும், சம்பளமில்லாமல். முன்மொழிந்தவர் கிறிஸ்டி. தீர்மானம் இரண்டு: அந்தச் சம்பளத்தில் சுடலைவடிவு முழுநேரப் பொறுப்பாளர். அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது, "எக்கா, அப்ப காலையில வணக்கம் யாரு சொல்லுவா?" என்றாள். நீதான் என்றேன். அழுதாள். நான் அழவில்லை. அப்போது அழவில்லை.

நவம்பர் 7

கடைசிக் காலை. போய் வருகிறேன் என்று மைக்கில் சொல்ல எண்ணியிருந்தேன். சொல்லப்போனால் முழுக்கதையும் சொல்ல வேண்டும், சொன்னால் நானே என்னைப் பாராட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குரலும் உடைந்திருக்கும். அணை நீர்மட்டம் சொன்னேன், ஒரு பாட்டுப் போட்டேன், வழக்கமான வணக்கத்தோடு எழுந்துவிட்டேன்.

நவம்பர் 26

ஆஸ்பத்திரி மேசை பழகிவிட்டது. புறநோயாளிகளை டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட ஒரு சின்ன மைக் கொடுத்திருக்கிறார்கள். இன்று மூட்டுவலிக்கு வந்த ஒரு பெரியவர் தம் முறை வருவதற்கு முன்பே எழுந்து என் மேசைக்கு வந்தார். சீவலப்பேரிப் பக்கமாம்.

"தாயி, ஒன் கொரலு ரேடியோவுல காலையில பேசும்லா ஒரு பிள்ள, அது மாதிரியே இருக்கு."

"அப்படியா அண்ணாச்சி?"

"ஆமா. இப்ப அந்தப் பிள்ள இல்ல. யாரோ புது ஓனராம், வந்த மொத நாளே அத வேலைய விட்டு எடுத்துட்டாவளாம். மனசாட்சி இல்லாத ஆளு போலுக்கு."

எனக்கு வந்தது சிரிப்பா, வேறு எதுவுமா, பிரிக்க முடியவில்லை.

"நிலையம் இன்னும் ஓடுதா அண்ணாச்சி?"

"அது ஓடுது. எம் மருமவ இன்னைக்கு நடவுக்குப் போனது அதக் கேட்டுத்தான்."

"ஓடுனா சரிதான். அந்த ஓனரு கொஞ்சம் மோசமான ஆளுதான், நானும் கேள்விப்பட்டேன்" என்றேன்.

அடுத்த டோக்கனை மைக்கில் கூப்பிட்டேன். பெரியவர் நாற்காலிக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.